கானாங்கெளுத்தி அண்ணாச்சி எழுதுவது

நிஷிகசாய், டோக்கியோ
நவம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் குட்மார்னிங் படம் மட்டும் அனுப்புகிற ஆள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றதும், வீட்டில் யாருக்கோ ஏதோ என்று பயந்துதான் பிரித்தேன். நம் மெஸ்ஸை மூடிவிட்டார்கள் என்பதற்கா நான்கு பக்கம்? சரி, தகும். ஆச்சிக்கு முடியவில்லை, மகன் கோயம்புத்தூர் வேலையை விட்டு வரமாட்டான், அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எல்லாம் எழுதியவன், அந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடி எங்கே போனது என்று மட்டும் எழுதவில்லை.

பதிலுக்கு நான் இங்கே சாப்பிடுகிற மெஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். எட்டு வருஷமாகப் போகிறேன், உன்னிடம் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஜப்பான் சாப்பாடு என்றாலே நீ பச்சை மீன், குச்சி, ஒரு துளிச் சோறு என்று பேச்சை முடித்துவிடுவாய்.

கடை ஸ்டேஷனிலிருந்து என் குடியிருப்புக்கு வரும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. வாசலில் நோரென் என்று ஒரு நீலத்துணி தொங்கும். துணி தொங்கினால் சாப்பாடு உண்டு, உள்ளே எடுத்துவிட்டால் இல்லை. குனிந்து துணியை விலக்கிக்கொண்டு நுழைந்தால் ஏழு ஸ்டூல் போட்ட ஒரு நீள மேடை, இரண்டு மேஜை, மூலையில் டிவி. சமைப்பது எழுபதைத் தாண்டிய கிழவர். பரிமாறுவது, பில் போடுவது, அவரை அதட்டுவது எல்லாம் அவர் மனைவி. சனிக்கிழமை மகள் வந்து பாத்திரம் கழுவுவாள். அவ்வளவுதான் ஊழியர் படை. அவரை எல்லோரும் ‘தாய்ஷோ’ என்பார்கள். படைத்தளபதி என்று அர்த்தம். அம்மாவை ‘ஒகாமி-சான்’ என்பார்கள். தளபதிக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பது கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் தெரிந்துவிடும்.

இங்கே சாப்பாட்டுக்குப் பெயர் ‘தெய்ஷோகு’. நேராகத் தமிழில் சொன்னால் நம் ‘அளவுச் சாப்பாடு’தான். ஒரு தட்டத்தில் இடதுபக்கம் சோற்றுக் கிண்ணம், வலதுபக்கம் மிசோ என்கிற சோயா விழுதில் வைத்த சூப், நடுவில் மீனோ கறியோ, ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் ஊறுகாய். பன்றிக்கறியை இஞ்சி போட்டு வதக்கியது, பொரித்த கோழி, பொரித்த டோஃபு என்று பத்துப் பதினைந்து அயிட்டம் சுவரில் துண்டுக் காகிதங்களில் எழுதி ஒட்டியிருக்கும். முதல் ஒரு வருஷம் எனக்கு அதில் ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பக்கத்து ஆள் தட்டைக் காட்டி அதுவே வேண்டும் என்பேன். அப்படிக் கிடைத்ததுதான் ‘சாபா’. நம் கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பாதி மீனுக்கு உப்பு மட்டும் தடவித் தீயில் வாட்டி, பக்கத்தில் துருவிய முள்ளங்கியைக் குவித்து வைப்பார்கள். தோல் பொரிந்து, உள்ளே எண்ணெய் வடியும். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, புளி இல்லை. நீ சாப்பிட்டால் ‘இன்னும் மசாலாவே தடவலையேலே’ என்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் கடையில் நான் ‘சாபா-சான்’. கானாங்கெளுத்தி அண்ணாச்சி என்று வைத்துக்கொள். (இந்த மீனில் பெரும்பங்கு நார்வேயிலிருந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. நான் பசிபிக் மீன் என்று ஊரெல்லாம் பீற்றியாகிவிட்டது.)

நிஷிகசாயில் இட்லி கிடைக்கும், மாப்ள. 2000-க்கு முன்னே பின்னே, கம்ப்யூட்டர்களுக்கு வருஷம் மாறினால் பைத்தியம் பிடிக்கும் என்று உலகமே பயந்ததே, அப்போதிலிருந்து நம்மவர்கள் வந்து குவிந்த ஏரியா இது. பூங்காவில் தமிழ் கேட்கும். அப்படியிருந்தும் கல்யாணத்துக்கு முன்னால் வாரத்தில் நான்கு ராத்திரி, இப்போது புதனும் சனியும், நான் அந்த நீலத்துணிக்குள்தான் நுழைகிறேன். ஏன் என்று எனக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

முதல் நாளிலிருந்தே அந்தக் கடை வாசனை என்னை ஏதோ செய்துகொண்டிருந்தது. தெரிந்த வாசனை, ஆனால் பெயர் நாக்கு நுனியில் நின்று வெளியே வராது. ஒரு மழைநாள். கடையில் வேறு ஆளே இல்லை. சூப்பில் என்ன போடுகிறீர்கள் என்று அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். தாய்ஷோ ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மூன்று சாமானைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார். முதலாவது இங்கே ‘கொம்பு’ என்கிற காய்ந்த கடல்பாசிப் பட்டை. இரண்டாவது ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. ஆமாம், நெத்திலியேதான். மிசோ சூப்புக்குத் தலையையும் குடலையும் கிள்ளிப்போட்டுவிட்டு அதை ஊறவைத்துக் கொதிக்கவிடுவாராம். மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கறுத்து, மரக்கட்டை மாதிரி, இரண்டை எடுத்துத் தட்டினால் டங்கென்று சத்தம் வரும்.

மாசி, மாப்ள. நம் மாசிக் கருவாடு!

இங்கே அதன் பெயர் கட்சுவோபுஷி. அதே சூரை மீன். வேகவைத்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகைபோட்டுக் காயவைக்கிறார்கள். உசத்தியான ரகத்துக்கு மேலே பூஞ்சணம் வேறு பிடிக்கவைத்து மாதக்கணக்கில் வெயில் காட்டுகிறார்கள். அந்தப் பூஞ்சண வேலை நம்மிடம் கிடையாது. மற்றபடி என் பாட்டி உரலில் இடித்த அதே சாமான். நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம், அவர்கள் இழைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். இழைத்து என்று சும்மா சொல்லவில்லை. ஆசாரியின் இழைப்புளியைக் கவிழ்த்து ஒரு மரப்பெட்டிமேல் பொருத்தியிருக்கிறது. கட்டையை அதன்மேல் தேய்த்தால் சுருள்சுருளாகச் சீவல் விழும், அடியிலுள்ள இழுப்பறையைத் திறந்து அள்ளிக்கொள்ளலாம். இப்போது கடைக்கெல்லாம் சீவியதே பையில் வருகிறது. அந்தப் பெட்டி அவர் மாமியார் வீட்டுச் சீதனமாம், எனக்காகத் தூசி தட்டி எடுத்தார். இரண்டு இழை இழைத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் வாயில் போட்டுக்கொண்டு, தொண்டை அடைக்க, மழையைப் பார்ப்பதுபோல் கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ருசிக்கு இவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். 1908-இல் இகேடா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து ‘உமாமி’ என்று பெயர் சூட்டினார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா ஷின்தாரோ, கட்சுவோபுஷியின் ருசிக்குக் காரணமான இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே பானையில் சேர்ந்தால் ருசி பலமடங்கு ஏறும், அதனால்தான் பாசியும் மாசியும் சேர்ந்தே கொதிக்கின்றன. பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. குழம்பு சப்பென்று இருந்தால் ‘ஒரு துண்டு மாசியத் தட்டிப் போடு’ என்பாள், வேலை முடிந்தது.

இதனால் ஒரு வம்பும் வந்தது. கல்யாணமான புதிதில் இவளை அங்கே கூட்டிப்போனேன். இவள் சுத்த சைவம், உனக்குத் தெரியும். மீன் வேண்டாம், கறி வேண்டாம் என்று நான் சொல்ல, ஒகாமி-சான் பலமாகத் தலையாட்டிவிட்டுப் பொரித்த டோஃபுவைக் கொண்டுவந்து வைத்தார். அதன்மேல் ரோஜா இதழ் மாதிரி மெல்லிய சீவல்கள், ஆவி பட்டு நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. ‘என்னங்க, உயிரோட இருக்கு’ என்று இவள் பின்னால் சாய்ந்துவிட்டாள். ஏமாற்றவெல்லாம் இல்லை. அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, நாம் தாளிதத்தைக் காய் என்று சொல்லமாட்டோமே, அதுபோல. விஷயம் புரிந்ததும் ஒகாமி-சான் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்தமுறை போனபோது தாய்ஷோ தனி ஏனத்தில் கொம்பும் காய்ந்த ஷீட்டாகே காளானும் மட்டும் ஊறவைத்து சூப் வைத்திருந்தார். புத்த மடங்களில் அப்படித்தான் சமைப்பார்களாம். அதில் கொமாட்சுனா என்று ஒரு கீரை. இந்த எதோகவா வட்டாரத்துக் கீரைதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நாட்டை ஆண்ட ஷோகன் வேட்டைக்கு வந்தபோது இங்கே சூப்பில் சாப்பிட்டுவிட்டு, கொமாட்சுகவா என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார் என்று ஒரு கதை. இவள் இப்போது அதில் பருப்புக் கடைசல் வைக்கிறாள். ஷோகனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நானும் தப்பு செய்திருக்கிறேன். ஒருமுறை ஆபீஸ் நண்பன் குச்சியால் ஒரு கோழித்துண்டை நீட்ட, நான் என் குச்சியாலேயே அதை வாங்கினேன். கடையே ஒரு நொடி அமைதியாகிவிட்டது. இங்கே தகனம் முடிந்ததும் உறவுக்காரர்கள் குச்சியால்தான் எலும்பு பொறுக்குவார்கள், இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பை எடுப்பார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு எதுவும் கைமாறுவது அங்கே மட்டும்தான். சோற்றில் குச்சியை நட்டுவைப்பதும் கூடாது, செத்தவருக்குப் படைக்கிற சோறு அது. பந்தியில் வாய்க்கரிசி போடுகிற மாதிரி யாராவது கையை நீட்டினால் நம் பெரியப்பா என்ன செய்வார்? அப்படி நினைத்துப் பார்த்ததும் எனக்கே வியர்த்துவிட்டது.

காசு விஷயத்தில் நீ என்னைக் கேலி செய்யலாம். அங்கே நீ டீக்குக்கூட ஸ்கேன் செய்கிறாய், இங்கே நான் சில்லறை எண்ணிக் கொடுக்கிறேன். கார்டு கிடையாது, பிஸ்கட் டப்பாதான் கல்லா. ஆனால் அதிலும் ஒரு சௌகரியம். போன வருஷம் ஜூலையில் புது யென் நோட்டு வந்தபோது, காசு போட்டுச் சாப்பாட்டு டிக்கெட் எடுக்கிற மெஷின் வைத்த கடைகள் பல அதை வாங்கத் தெரியாமல் முழித்தன. மெஷினை மாற்றச் செலவு. பிஸ்கட் டப்பா புது நோட்டையும் வாங்கிக்கொண்டது. இன்னொன்று, 2020 ஏப்ரலிலிருந்து டோக்கியோவில் சம்பள ஆள் வைத்திருக்கிற உணவகத்துக்குள் தனி அறை இல்லாமல் புகைபிடிக்க முடியாது. வீட்டார் மட்டும் நடத்துகிற சின்னக் கடைக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தும் ஒகாமி-சான் ஆஷ்டிரேக்களை எல்லாம் எடுத்துவிட்டார். தளபதி பின்வாசலில் நின்று ஊதுகிறார்.

விலக்கில்லாதது அரிசி. 2024 தொடக்கத்தில் ஐந்து கிலோ சுமார் இரண்டாயிரம் யென். இந்த வசந்தகாலத்தில் நான்காயிரத்தைத் தாண்டியது. அரசாங்கம் கிடங்கைத் திறந்து பழைய அரிசியை விட, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு ரேஷன் கடை ஞாபகம்தான். அந்த நேரம் பார்த்து விவசாய அமைச்சர், தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுத்தது வீட்டில் விற்கிற அளவுக்குக் கிடக்கிறது என்று பேசிப் பதவியை இழந்தார். நம் ஊர் மந்திரியாக இருந்தால் பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான் என்று சொல்லித் தப்பித்திருப்பார். கடைச் சுவரில் ‘சோறு எத்தனை தடவையும்’ என்று இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, மறுசோற்றுக்கு நூறு யென் என்று ஒட்டினார்கள். ஒட்டிய அன்று ஒகாமி-சான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் முதல் கிண்ணத்திலேயே கூம்பாக வைத்தார், கேட்காமல். ஆச்சி செய்வாளே, அதேதான்.

செப்டம்பரில் பத்து நாள் நோரென் தொங்கவில்லை. கதவில் ஒரு காகிதம், தற்காலிக விடுமுறை என்று மட்டும். அந்தப் பத்து நாளும் ஸ்டேஷனிலிருந்து சுற்றுவழியாக அந்தச் சந்துக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தாய்ஷோவுக்குக் கண்புரை ஆபரேஷன், வேறொன்றும் இல்லை. இப்போது டிவியில் சுமோ நன்றாகத் தெரிகிறதாம், உக்ரைன்காரப் பையன் அவோநிஷிகி ஜெயிக்கிற நாளில் மீனைத் தீயவிடுகிறார். மகள் அலுவலக வேலை பார்க்கிறாள், விடமாட்டாள். அப்புறம் கடையை யார் பார்ப்பார்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார்.

ஏப்ரலில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. புதன்கிழமை பார்த்து டிக்கெட் போடு. வரும்போது தூத்துக்குடியிலிருந்து அரைக் கிலோ மாசி வாங்கிவா. எங்கள் ஊரிலும் இது உண்டு என்று நான் சொன்னதைத் தாய்ஷோ இன்னும் முழுசாக நம்பவில்லை, தன் பெட்டியில் இழைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். முழுத் துண்டாகப் பார்த்து வாங்கு. இடித்தது வேண்டாம்.

அன்புடன்,
கானாங்கெளுத்தி அண்ணாச்சி