ஓட்டுநர் இல்லாத வண்டியில் ஏறுமுன்

அன்புள்ள கயலுக்கு,

இரவு வேலை முடிந்து, ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்ஸியில் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போம்மா. கூகுள் 2009-ல் தொடங்கிய வேலை அது. 2024 ஜூனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

கூரையில் இருக்கும் குமிழில் ஒரு லைடார் இருக்கிறது. லேசர் ஒளியை விட்டுவிட்டு அனுப்பி, பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும். இருட்டு அதற்குப் பொருட்டே இல்லை. வேமோ ஓட்டும் ஜாகுவார் காரில் மொத்தம் 5 லைடார், 6 ரேடார், 29 கேமரா. உங்கள் ஊர் மூடுபனியில் கேமரா திணறினால் ரேடார் கைகொடுக்கும். சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனம் வேமோவோடு சேர்ந்து 2.53 கோடி மைல் ஓட்டத்தை ஆராய்ந்தபோது, உடற்காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் மனிதர் ஓட்டும் வண்டிகளைவிட 92 சதவீதம் குறைவாக இருந்தன. வேமோவும் பங்கெடுத்த ஆய்வுதான். அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் நல்ல கணக்கு.

சந்தேகம் வந்தால் நின்றுவிடுவது இந்த வண்டிகளின் சுபாவம். 2025 டிசம்பரில் அங்கே கரண்ட் போய் சிக்னல்கள் அணைந்தன. அணைந்த சிக்னலில் நின்று, முறை பார்த்துப் போக அதற்குத் தெரியும். ஆனாலும் சில நேரம் தொலைவில் உள்ள பணியாளரிடம் உறுதி கேட்கும். ஒரே சமயத்தில் ஏகப்பட்ட வண்டிகள் கேட்டதால் பதில் தாமதமாகி, பல வண்டிகள் நடுரோட்டிலேயே நின்றன.

நிற்க வேண்டிய இடத்தில் நகர்ந்தால் இன்னும் மோசம். 2023 அக்டோபரில், வேறொரு கார் மோதித் தள்ளிய பெண், ஜெனரல் மோட்டார்ஸின் ஓட்டுநரில்லா டாக்ஸியான க்ரூஸ் வண்டியின் முன்னால் விழுந்தார். வண்டி பிரேக் போட்டு நின்றது. பிறகு, பக்கவாட்டில் மோதல் நடந்ததாகத் தப்பாகக் கணித்து, ஓரங்கட்ட நகர்ந்து, அடியில் கிடந்தவரை 20 அடி இழுத்துப் போனது. அந்த மாதமே க்ரூஸின் ஓட்டுநரில்லா அனுமதி போயிற்று. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸி முயற்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது.

ஏறுமுன் கூரையில் உன் பெயரின் எழுத்து தெரிகிறதா பார். கதவைத் திறக்க ஆப் வேண்டும், போனில் சார்ஜ் இல்லாமல் கிளம்பாதே. பெல்ட் போட்டபின் திரையில் தொடங்கும் பொத்தானை அழுத்து. இறங்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. சைக்கிள் பாதை உள்ள தெருவில் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டே கதவைத் திற. இறங்கியதும் நன்றாகச் சாத்து. பெல்ட் நுனி இடுக்கில் மாட்டியிருந்தால்கூடக் கதவு சரியாகச் சாத்தாது, வண்டியும் நகராது. யாராவது வந்து சாத்தும்வரை அது அங்கேயே நிற்கும்.

அன்புடன்,
அப்பா