கேக் குறிப்போட ட்ரேயின்ர அளவையும் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பத்திரிகையில பெண்கள் பக்கத்தில வாற சமையல் குறிப்புகளை நான் விடாமல் வாசிக்கிறனான், நல்லதுகளை வெட்டிக் கொப்பியில ஒட்டியும் வைச்சிருக்கிறன். ஆனா கேக் குறிப்புகளில ஒரு குறை கனகாலமாக் கிடக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறன். பட்டர் இவ்வளவு கிராம், சீனி இவ்வளவு, முட்டை இத்தினை எண்டு எல்லாம் வடிவாப் போட்டுட்டு கடைசியில "பட்டர் பூசிய தட்டில் ஊற்றி வேகவைக்கவும்" எண்டு முடிச்சு விடுறியள். எந்தத் தட்டு? வட்டமோ சதுரமோ, எத்தினை அங்குலம், எவ்வளவு உயரம்? ஒண்டும் இல்லை.

இது சின்ன விசயம் இல்லை ஐயா. ஒரு வீட்டில சந்தையில வாங்கின அலுமினிய ட்ரே, அடுத்த வீட்டில கனடாவில இருந்து மச்சாள் கொண்டந்தது, அதில 23 சென்ரிமீற்றர் எண்டு அடிச்சிருக்கும், எங்கட ஆக்கள் கதைக்கிறது அங்குலத்தில (23 எண்டால் 9 அங்குலம், 20 எண்டால் கிட்டத்தட்ட 8). ஒரே குறிப்பை ரெண்டு வீட்டிலயும் செய்தால் ஒரு இடத்தில பொங்கி வழிஞ்சு ஓவனுக்கு அடியில கருகும், நடுவும் வேகாமல் இறங்கிப்போகும், மற்ற இடத்தில மெல்லிசாப் பரந்து ஓரமெல்லாம் காய்ஞ்சு விஸ்கோத்து மாதிரி வரும். பிறகு கைராசி இல்லை எண்டு அந்தப் பிள்ளைக்குப் பேச்சு. பட்டரும் முட்டையும் விக்கிற விலைக்கு ஒரு கேக் பழுதாப் போறது எவ்வளவு நட்டம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

எல்லாரும் பிழைக்கிற இடம் அங்குலக் கணக்குத்தான். 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் ரெண்டு அங்குலம்தானே, ஒரு முட்டை கூடப் போட்டால் காணும் எண்டு நினைக்கினம். அப்பிடி இல்லை. ஒரே உயரமான வட்ட ட்ரேயள் எண்டால் அங்குலத்தை அதாலயே பெருக்கித்தான் ஒப்பிட வேணும், எட்டெட்டு 64, பத்துப்பத்து 100, அப்ப பத்தங்குல ட்ரேக்கு ஒண்டரை மடங்குக்கும் மேல கலவை வேணும். 7ல இருந்து 10க்குப் போனால் ரெண்டு மடங்கு. 6ல இருந்து 12க்குப் போனால் நாலு மடங்கு! இன்னொண்டு, 8 அங்குலச் சதுர ட்ரேயும் 9 அங்குல வட்ட ட்ரேயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் பிடிக்கும், ஒண்டு இல்லாட்டி மற்றதை யோசிக்காமல் எடுக்கலாம்.

கணக்கே வேண்டாம் எண்டால் தண்ணியால அளக்கலாம். அளவு ஜக்கால ட்ரே நிரம்ப எவ்வளவு பிடிக்குது எண்டு பாத்து, ட்ரேக்கு அடியில பெயின்ரால எழுதி விட்டால் ஆயுசுக்கும் காணும். அடி கழருற ட்ரேயெண்டால் தண்ணி ஒழுகிப்போம், அதுக்கு அரிசியைக் கொட்டி நிரப்பி பிறகு அந்த அரிசியை ஜக்கில விட்டு அளவுங்கோ. 2 அங்குல உயரமான 8 அங்குல வட்ட ட்ரே 1.6 லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், 9 அங்குலம் ரெண்டு லீற்றருக்குக் கொஞ்சம் மேல, 6 அங்குலம் ஒரு லீற்றரும் வராது. பட்டர் கேக் கலவையை ட்ரேயில மூண்டில ரெண்டு பங்குக்கு மேல விடக்கூடாது. பட்டர் இல்லாத ஸ்பொஞ்ச் நல்லா எழும்பும், அதுக்கு அரைவாசியில நிப்பாட்டுறது புத்தி. ரவை போட்டுச் செய்யிற எங்கட ரிச் கேக் பெரிசா எழும்பாது, அதுக்கு முக்கால்வாசி வரை தாராளமா விடலாம்.

இப்ப எங்கட வழமையான அளவைப் பாருங்கோ, பட்டர், சீனி, மா மூண்டும் 250 கிராம், முட்டை 5. எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோ சொச்சம், அடிச்சாப்பிறகு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். அது 2 அங்குல உயரமான 8 அங்குல வட்ட ட்ரேக்கு அளவெடுத்தமாதிரி. 500 கிராம் அளவெண்டால் அதே ட்ரே ரெண்டு, இல்லாட்டி 10 அங்குலச் சதுர ட்ரே ஒண்டு. இந்த ஒரு வரியைக் குறிப்புக்குக் கீழ போட்டாலே எத்தினை பேருக்கு உதவி.

வீட்டில கேக் செய்து விக்கிற பொம்பிளையளுக்கு இது வயித்துப்பாடு. சாமத்தியவீட்டுக்கு 6, 8, 10 எண்டு மூண்டு தட்டு கேக் கேப்பினம், ஆறும் எட்டும் சேர்ந்தால் சரியா ஒரு பத்து (36ம் 64ம் 100), அப்ப மூண்டு தட்டும் சேர்ந்து ரெண்டு பத்தங்குல கேக்குக்குச் சமன். இதைத் தெரியாமல் அங்குலத்துக்கு இவ்வளவு காசெண்டு விலை சொல்லி கைக்காசு விடுற பிள்ளையளை எனக்குத் தெரியும். ஓடர் குடுக்கிற ஆக்களும் "ரெண்டு அங்குலம் கூடினதுக்கு ஏன் இவ்வளவு விலை" எண்டு சண்டைக்கு வரக்கூடாது, அது உண்மையாவே ஒண்டரை மடங்குச் சாமான்.

இப்பிடி மடங்கு பாக்கேக்க முட்டைக் கணக்கு பாதியில வந்து நிண்டால் பயப்பிட வேண்டாம், ஒரு முட்டையை உடைச்சு அடிச்சு நிறுத்து அதில பாதியை எடுக்கலாம், முழு முட்டை கோதில்லாமல் 50 கிராம் அளவு இருக்கும். வேகிற நேரத்தை மட்டும் இந்த மடங்குக் கணக்கால கூட்டாதேங்கோ, அது கலவை எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டதைப் பாத்துத்தான் மாறும், உயரமெண்டால் சூட்டைக் கொஞ்சம் குறைச்சு கூட நேரம் விட்டு நடுவில ஈர்க்குக் குத்திப் பாருங்கோ.

உருளையின்ர கனவளவு சாதாரண தரக் கணிதத்திலயே இருக்கு, மனைப்பொருளியல் படிப்பிக்கிற ரீச்சர்மார் அந்தக் கணக்கை ஒருக்கா கேக் ட்ரேயை வைச்சுச் செய்விச்சால் பிள்ளையளுக்கு ரெண்டு பாடமும் ஒண்டா விளங்கும். ட்ரே விக்கிற கடைக்காரரும் எத்தினை லீற்றர் பிடிக்கும் எண்டு ஒரு துண்டு ஒட்டி விடலாம். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான் ஐயா, இனி வாற ஒவ்வொரு கேக் குறிப்புக்கும் ட்ரேயின்ர வடிவம், அகலம், உயரம் மூண்டையும் எழுதித் தரச்சொல்லிக் குறிப்பு அனுப்புற ஆக்களிட்டக் கேளுங்கோ. நத்தார் கேக் குறிப்புகள் வரத் தொடங்க முன்னம் இதைச் செய்தால் பெரிய உபகாரம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.