குதிகால் வலியும் மாத்திரை அட்டையும்

தாண்டிக்குடி,
மார்கழிக் கடைசி

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் தங்கைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. பேத்தி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். காப்பிப் பழம் பறிப்பு முக்கால் பங்கு முடிந்து, கொட்டை களத்தில் காய்கிறது. விலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஐப்பசியில் நீ எழுதிய எட்டுப் பக்கக் கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாதது என் தவறுதான். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் இன்று உனக்கே தேவைப்படும் போலிருப்பதால் அதையும் இதிலேயே சொல்கிறேன்.

நேற்று இரவு தொலைபேசியில் நீ சொன்னவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இங்கே எழுதுகிறேன். எழுத்தில் பார்த்தால்தான் உனக்குப் புரியும். சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. எரிச்சல் தணிந்துவிட்டது. ஆகவே மிச்ச மாத்திரைகளை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிடலாம் என்று நினைக்கிறாய். இரவில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. வலது குதிகாலுக்கு மேலே ஏதோ கயிறு முறுக்கியது போல இழுக்கிறது. காலை நடைக்கு வாங்கிய புதுக் காலணிதான் காரணம் என்கிறாய். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போக வேண்டும் என்பதால் வலியோடு வலியாகத் தினமும் ஏழு கிலோமீட்டர் நடந்து பழகுகிறாய். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கணக்கு வாத்தியாரின் மகன் திருமணத்துக்குத் தாவிவிட்டாய். நானும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. நள்ளிரவில் விழிப்பு வந்தபோதுதான் அந்தக் குதிகால் என் மனதில் தைத்தது.

விடிந்ததும் இரண்டு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை, வழக்கம்போல நடக்கப் போயிருப்பாய். உன் மகளிடம் விவரம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே அவள் உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தால் நல்லது. போகவில்லையென்றால், இந்தப் பத்தியோடு படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைத்துப் பேசு. அடுத்த மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பு பேச வேண்டும். நடையை இன்றே நிறுத்து. சிப்ரோஃப்ளாக்சசின் இருக்கும் மருந்துக் குடும்பம் சிலருக்குத் தசைநாண்களைப் பாதிக்கும். அதிலும் குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த நாணைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். வலியைப் பொருட்படுத்தாமல் நடந்தால் நாண் அறுந்தே போகலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். உனக்கு அறுபத்து நான்கு. சென்ற மாதம் இளைப்புக்காகப் பத்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதை என்னிடம் சொன்னாய். சிறுநீர்த் தொற்றுக்குப் பார்த்த மருத்துவரிடம் சொன்னாயா?

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கார்த்திகை தொடக்கத்தில், மழை விட்ட இரண்டு நாளில், மேல்தோட்டத்து வேலியோரம் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வெட்டச் சொல்லி நானும் ஆட்களோடு நின்றேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலையைப் பிளப்பது போன்ற வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற அசதி. மலைக் குளிர் பட்டதுதான் என்று நினைத்து, கடையில் கேட்டு அமாக்சிசிலின் என்ற வேறோர் ஆன்டிபயாடிக்கை வாங்கி மூன்று நாள் சாப்பிட்டேன். சீட்டு இல்லாமல் கேட்டது நான். கேட்டவுடன் கொடுத்தது கடைக்காரர். காய்ச்சல் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. ஆறாம் நாள் உன் தங்கை வற்புறுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மா நாடி பார்த்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், முதுகு, முழங்கால் மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தேடினார்கள். கடைசியில் அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தபோது அதன் அடியில், சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கருத்து ஓரம் சிவந்த ஒரு சிறு புண் இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உண்ணியின் இளம்பூச்சி கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ், நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. அந்தக் கிருமி நம் உடம்பின் செல்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. அதனிடம் அமாக்சிசிலின் வேலை செய்யாது. நான் வீணாக்கிய மூன்று நாளில் அது நுரையீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ போயிருக்கக்கூடும் என்று அவர்கள் சொன்னபோது உன் தங்கையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள்: சாப்பிட்ட பின்பு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும், விழுங்கிய பின் குறைந்தது அரைமணி நேரம் படுக்கக் கூடாது, பாலோடு வேண்டாம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றைச் சேர்த்துப் போட்டால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போய்விடும், ஆகவே சில மணி நேர இடைவெளி வேண்டும், வெயிலில் நிற்கக் கூடாது. தலையை ஆட்டினேன். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றிரவு குளிர் தாங்காமல், கம்பளிக்குள் படுத்தபடியே, ஒரு வாய் வெந்நீரில் குளிகையை விழுங்கிவிட்டுத் தூங்கிப் போனேன்.

விடியற்காலையில் நடு நெஞ்சில் குத்தியது. எச்சிலை விழுங்கினாலும் கத்தியால் கீறுவது போல இருந்தது. மாரடைப்பு என்றே நினைத்தோம். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஜீப்பை எடுத்தான். பண்ணைக்காடு வழியாக அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரை உன் தங்கை என் கையை விடவில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள்; இதயத்தில் ஒன்றும் இல்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, நேற்று இந்தக் குளிகையை எப்படி விழுங்கினீர்கள்?” குளிகை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து, குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் தவிர்த்திருக்கக்கூடிய புண்.

அன்று வலி தாளாமல் “இனி இந்த மருந்தே வேண்டாம், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே” என்று நான் சொன்னேன். அதற்கு அந்த மருத்துவர் சொன்னதை உனக்கு அப்படியே சொல்ல வேண்டும். நிறுத்துவதா, மாற்றுவதா, தொடர்வதா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய வேலை; என்ன செய்கிறது என்பதை மறைக்காமல், உடனே சொல்வது என் வேலை. அவர் டாக்ஸிசைக்ளினை நிறுத்தி, மிச்ச நாட்களுக்கு அசித்ரோமைசின் கொடுத்தார். அதற்கு முன் நான் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் கேட்டு, எடுத்த இ.சி.ஜி.யை மறுபடியும் பார்த்தார். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் என்பதால் அந்தக் கேள்வி. சிகிச்சை நடுவில் அறுந்து போகவில்லை, புண்ணும் ஆறிவிட்டது.

சொல்லாமல் பொறுத்துக்கொள்வதையும், சொல்லாமல் நிறுத்திவிடுவதையும் நீ இப்போது ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கிறாய் நண்பா. குதிகாலைப் பொறுக்கிறாய், மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறாய். எரிச்சல் தணிந்தது என்றால் கிருமி ஒழிந்தது என்று பொருளில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு பாக்டீரியா பாடம் நடத்தியவன் நீ. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவு மருந்து பட்ட கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்ததை நீதான் எனக்கு முதலில் சொன்னாய், விடுதி மொட்டைமாடியில். அப்படியிருக்க, உன் வீட்டு அலமாரியில் அந்தப் பிஸ்கட் டப்பா எதற்கு? சென்ற முறை வந்தபோது பார்த்தேன்: நான்கு மாத்திரை மிஞ்சிய அட்டை, இரண்டு மிஞ்சிய அட்டை, பெயர் கிழிந்து போன அட்டை. அவற்றில் சிவப்புக் கோடு போட்டிருப்பது மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தான். அதிலிருந்து எடுத்து எதிர்வீட்டுப் பையனுக்குச் சளிக்குக் கொடுத்தேன் என்று நீ பெருமையாகச் சொன்னாய். சளி வைரஸால் வருவது; இந்த மாத்திரைகள் கொல்வது பாக்டீரியாவை. அவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, பக்கவிளைவு மட்டும் வந்திருக்கலாம். நம் தபால்காரனுக்கு விடுதியில் பென்சிலின் ஊசி போட்ட இரவை நீ மறந்திருக்க மாட்டாய். உதடு வீங்கி, உடம்பெங்கும் தடித்து, மூச்சுக்குத் தவித்தவனை நாம் இருவரும்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்றும் அவன் எந்த மருத்துவரிடம் போனாலும் பெயரைச் சொல்லும் முன் அந்த ஒவ்வாமையைத்தான் சொல்கிறான்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீ கேட்பாய். நான் மருத்துவன் இல்லை. எனக்கு அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். லேசான குமட்டல், வாய்க்கசப்பு, ஒன்றிரண்டு முறை வயிறு இளகுவது ஆகியவை பலருக்கும் வரும், தானே போய்விடும். அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை தண்ணீராகப் போனாலோ, ரத்தமோ சளியோ கலந்து போனாலோ, காய்ச்சலோடு வயிறு முறுக்கினாலோ உடனே சொல்ல வேண்டும்; மருந்து முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும் இந்த மருந்து சாப்பிட்டதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீயாகப் போட்டுக்கொள்ளாதே. உடம்பு தடித்து, முகமோ நாக்கோ வீங்கி, மூச்சு முட்டினால் யாரையும் கேட்க வேண்டாம், 108ஐ அழைக்க வேண்டும். தோல் கொப்பளித்து உரிந்தாலும், வாயும் கண்ணும் புண்ணானாலும் அப்படியே. டாக்ஸிசைக்ளினைப் போல உன் மருந்தும் தோலை வெயிலுக்குப் பலவீனமாக்கும். என்னைப் போலவே காய்ச்சல் கண்டு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்ட மேல்தோட்டத்து அக்கா, வெயில் இதமாகத்தானே இருக்கிறது என்று களத்தில் அரைநாள் கொட்டை துழாவினார்கள். மாலையில் புறங்கையும் பிடரியும் தீப்பட்டது போலச் சிவந்து தோல் உரிந்தது. மலைக் காற்றின் குளிரில் வெயிலின் கடுமை தெரிவதில்லை. மதுரை வெயிலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கென்று இன்னும் இரண்டு. நீ சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவன். அதோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம், சில சமயம் ஏறவும் செய்யலாம். நெஞ்சு படபடப்பு என்றாயே, அந்த நேரத்தில் வியர்த்து, கை நடுங்கியதா என்று நினைத்துப் பார். அந்த நேரத்துச் சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டு. கை கால் மரத்துப் போனாலோ ஊசி குத்துவது போலிருந்தாலோ அதையும் மறைக்காதே. மற்றொன்று, உன் கால்சியம் மாத்திரை: சிப்ரோவை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். போகும்போது ஸ்டீராய்டு சீட்டு, சர்க்கரைச் சீட்டு, கால்சியம் டப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. வாயால் சொன்னால் நீ பாதியை விட்டுவிடுவாய்.

பாதயாத்திரையைப் பற்றி உன்னிடம் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். இருபத்தோரு வருடம் விடாமல் நடந்தவன் நீ. ஆனாலும் சொல்கிறேன்: இந்த வருடம் மருத்துவர் வேண்டாம் என்றால் பேருந்தில் வா. நானும் இங்கிருந்து இறங்கி வருகிறேன். அடிவாரத்தில் சந்தித்து, இழுவை ரயிலில் ஏறி, இருவருமாகச் சேர்ந்து கும்பிட்டு வருவோம்.

இந்தக் கடிதத்தோடு தம்பி ஒரு பை கொண்டு வருவான். மலைவாழை ஒரு சீப்பும், கொஞ்சம் ஆரஞ்சும் இருக்கும். காப்பித்தூள் இல்லையே என்று பையைத் துழாவாதே. புதுக் கொட்டை வறுத்து அரைத்துத் தயாராகத்தான் இருக்கிறது, நான்தான் நிறுத்தி வைத்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் உடம்பில் இருக்கும்போது காப்பியில் உள்ள காஃபீன் சீக்கிரம் வெளியேறாது. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் குடிக்கிறவனுக்கு இரவில் தூக்கம் வராததற்கும் நெஞ்சு படபடப்பதற்கும் அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது, அல்லது இன்றிரவே அழை. மருந்து முடிந்தது என்று நீ சொன்ன மறுநாள் காலைப் பேருந்தில் ஒரு கிலோ வரும்.

என்றும் உன்,
தாண்டிக்குடிக்காரன்