செயலாளரின் ஆண்டறிக்கை: மாணவர்களின் பல்லூடகப் படைப்புகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்கள் படமும் ஒலியும் எழுத்தும் சேர்த்துத் தாமே ஒரு படைப்பை உருவாக்கி, அதன் வழியே பாடத்தைக் கற்க வேண்டும் என்ற சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, தருமபுரி வட்டாரத்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாள்களில் பயிற்சி அளித்தோம். முதலில் கேள்வி, பிறகு விசாரிப்பு, பிறகு எழுத்துப்படி, அது திருந்திய பின்னரே கைப்பேசி என்பது விதி. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

குடிநீரிலுள்ள ஃபுளோரைடு பற்றிய குறும்படத்தைச் சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டுக் காவிரி நீர் வந்த பிறகும் பெரியவர்களின் பற்களில் பழுப்புக் கறை ஏன் நீங்கவில்லை என்பதே அக்குழு எடுத்துக்கொண்ட கேள்வி. பல் உருவாகும் சிறு வயதில் குடித்த ஃபுளோரைடு மிகுந்த நீரால் பல்லின் மேலுறையான எனாமலில் பதிந்த கறை பின்னாளில் நல்ல நீர் குடித்தாலும் போகாது என்பதை அவர்களே தேடி அறிந்தனர். ஆயினும் முதல் எழுத்துப்படியில் ‘நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்று ஓர் அறிவுரை இருந்தது. அறிவியல் ஆசிரியர் அந்த வரியை அடிக்கவில்லை. காய்ச்சும்போது எது வெளியேறுகிறது, எது தங்குகிறது என்று மட்டும் கேட்டார். உப்பு நீரைக் கொதிக்கவிட்டு வற்றச் செய்து பார்த்த பிள்ளைகள், ஆவியாவது நீர் மட்டுமே என்றும், ஃபுளோரைடும் அதுபோலவே தங்கி மேலும் செறிவாகும் என்றும் உணர்ந்து, அந்தச் சோதனையையே படத்தின் முக்கியக் காட்சியாக்கினர். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பை அதன் பின் எவரும் அவர்களுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டியிருக்கவில்லை.

நடுகற்களைப் பற்றிய ஒலிச்சித்திரம் ஆடாசிட்டி மென்பொருளில் தொகுக்கப்பட்டது. பதிப்புரிமை கருதித் திரைப்பாடல்களைத் தவிர்த்து, பிள்ளைகளே பதிந்து வந்த பம்பை ஒலியைச் சேர்த்தோம். விவரிப்பில் ஊர்ப்பேச்சு கூடாது என்று உறுப்பினர் சிலர் கருதினர். பெரியவர்களின் பேட்டியை அவர்கள் பேசியவாறே விட்டுவிட்டோம், அதுவே சரி என்பது என் கருத்து.

மதிப்பீட்டில் படத்தொகுப்பின் பளபளப்புக்குக் குறைவாகவும், தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதிய குறிப்பேட்டுக்கு மிகுதியாகவும் மதிப்பெண் வழங்கினோம். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எழுத்துப்படியோடு நின்றுவிடும் நிலை இன்னும் தீரவில்லை. ஆகவே சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒலிவாங்கியுடன் கைப்பேசிகள் சில வாங்க இப்பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்