சூரிய விளக்குகளுக்குப் பராமரிப்பு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிற்றூர்களில் சூரிய மின்சாரம் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கூரைகளில் தகடுகள் ஏறியுள்ளன, யாருக்கு எவ்வளவு மானியம் என்ற விவரங்கள் அதில் நிறைவாக இருந்தன. ஏறிய தகடுகளில் எத்தனை இன்றும் வேலை செய்கின்றன என்ற கேள்வி மட்டும் அதில் எழவில்லை. காரைக்குடி வட்டத்தில் ஒரு சிற்றூரில் வாழ்பவன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இளைஞர்களுக்கு மின்பணி கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஏழு சூரியத் தெருவிளக்குகள் வந்தன. பள்ளிக்கூட வாசல், ஊரணிக்கரை, சுடுகாட்டுப் பாதை, மின்வாரியக் கம்பம் எட்டாத கிழக்குத் தெரு என்று இடம் பார்த்து நட்டார்கள். முதல் மூன்று ஆண்டுகள் அவை எரிந்த அழகைச் சொல்ல வேண்டும். ஊரணிக்கரை விளக்கின் கீழே பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை விளையாடினார்கள், இருட்டியபின் தண்ணீர் எடுக்கப் பெண்கள் அஞ்சாமல் போனார்கள். நான்காம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் முதல் விளக்கு அணைந்தது. அதற்கடுத்த ஈராண்டுக்குள் ஏழும் அணைந்தன. நட்டுவிட்டுப் போன நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தது. பேட்டரி வாங்குவதற்கு ஊராட்சிக் கணக்கில் தலைப்பு இல்லை என்றார்கள். ஏழு கம்பங்களும் தகடுகளும் அப்படியே நின்றன. தகடுகள் அனைத்தும் பழுதில்லாமல் இருந்தன என்பதைப் பின்னால் நானே மீட்டர் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். கெட்டுப்போனது பேட்டரி மட்டுமே.

சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். அதோடு இணைத்துக் கொடுக்கப்படும் ஈய அமில பேட்டரி, நன்றாகக் கவனித்தாலே நான்கைந்து ஆண்டுகள்தான் உழைக்கும். மின்சாரம் வெளியேறும்போது பேட்டரியின் ஈயத் தட்டுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றம் செய்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயில் இல்லாமல், விளக்கு மட்டும் இரவு முழுதும் எரிந்தால், பேட்டரி முழுதாக நிறைவதே இல்லை. படிந்த சல்பேட் கெட்டியாக இறுகிவிடும். பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் அந்தத் தட்டு மின்சாரத்தை ஏற்காது. இதோடு பேட்டரித் தண்ணீர் வற்றுவதும், தகட்டின் மேல் செம்மண் புழுதி படிவதும், நட்டபோது இடுப்பளவு இருந்த வேப்பங்கன்று வளர்ந்து நிழல் விழுவதும் சேர்ந்துகொள்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் ஏணி வைத்து ஏறியிருந்தால் எங்கள் விளக்குகள் இன்னும் சில காலம் எரிந்திருக்கும்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த நிலை இருப்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பேட்டரி முதலியவற்றின் அறிவியலான மின்வேதியியலுக்கென்றே நாடு ஓர் ஆராய்ச்சி நிறுவனம் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அமைக்க எண்ணியபோது, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரியைப் பற்றி ஆழ்ந்து அறிந்தவர்கள் இங்கிருந்து சைக்கிளில் போய்வரும் தொலைவில் இருக்கிறார்கள். அவர்கள் அறிவு எங்கள் ஊர் எலக்ட்ரீசியனின் கைக்கு வந்துசேர ஒரு வழி அமைக்கப்படவில்லை. அது அறிஞர்களின் குறையன்று. விளக்குத் திட்டங்களை வகுப்பவர்கள் அந்த வழியைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எண்ணியிருக்க வேண்டும்.

பக்கத்து மாவட்டத்தில் கமுதி அருகே 2016 முதல் இயங்கிவரும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் தகடுகளைத் துடைப்பதற்கென்றே தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. பெரிய நிலையத்தில் ஒரு நாள் புழுதி என்றால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்க்க ஆள் உண்டு. ஒரே ஒரு தகட்டின் புழுதியை யார் கணக்கில் எழுதுவது? சிறிய திட்டங்களுக்குப் பெரிய திட்டங்களைக் காட்டிலும் கூடுதலான மனிதக் கவனிப்பு தேவைப்படுகிறது. மானியத் தொகையை வகுக்கும்போது இந்தச் செலவு விட்டுப்போகிறது.

அடுத்தது, தகடு வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. எங்கள் ஊராட்சியின் மின் கட்டணத்தில் பெரும்பகுதி குடிநீர் மோட்டாருக்கே போகிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இரண்டு முறை காயில் கட்டப்பட்டது. ஆழ்குழாயில் நீர்மட்டம் இறங்கியபின் அந்த ஆழத்துக்குப் பொருந்தாத மோட்டாராகவும் ஆகிவிட்டது. தொட்டி நிறைய நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு நானும் தண்ணீர் திறந்துவிடும் தம்பியும் குழாய்ப்பாதையை நடந்து பார்த்து, மண்ணுக்கடியில் இரண்டு இடங்களில் கசிவைக் கண்டுபிடித்தோம். அவற்றை அடைத்து, பழுதான வால்வையும் மாற்றியபின் ஐந்து மணி நேரத்தில் தொட்டி நிறைகிறது. அந்த மோட்டார் மணிக்கு நாலரை யூனிட் இழுக்கும் என்று வைத்தால் நாளுக்கு ஒன்பது யூனிட் மிச்சம். இரண்டு கிலோவாட்டுக்கும் சற்று மேற்பட்ட தகடுகள் ஒரு நாள் முழுதும் வெயிலில் கிடந்து தரக்கூடிய மின்சாரம் அது. எங்களுக்கு ஆன செலவோ ஒரே ஒரு தகட்டின் விலைக்கும் குறைவு.

வீடுகளிலும் இதே கணக்குதான். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. (தூரிகை இல்லாத மோட்டார்) விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில், இரண்டு விசிறியும் நான்கு எல்.இ.டி. விளக்கும் உள்ள சிறிய வீடு இந்த ஒரு மாற்றத்தாலேயே கட்டணம் இல்லாத வரம்புக்குள் வந்துவிடக்கூடும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் தருகிறார்கள். குளிர்சாதனம் ஓடும் நகரத்து வீட்டுக்கு அது பெரும் உதவி. இரண்டு மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டணம் கட்டும் கிராமத்து வீட்டுக்காரர் மீதித் தொகைக்குக் கடன் வாங்கினால், தவணையே கட்டணத்தை மிஞ்சிவிடும். ஆகையால் எங்களைப் போன்ற ஊர்களில் தகடுகள் முதலில் ஏற வேண்டிய இடங்கள் குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், துணை சுகாதார நிலையம் ஆகியவையே என்பது என் உறுதியான கருத்து. பகலில் வெயில் இருக்கும்போதே தண்ணீர் ஏற்றிவிட்டால் பேட்டரியே வேண்டாம். தொட்டிதான் அங்கே சேமிப்பு.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு மின் சிக்கனம் பற்றி எழுதும்போது நம் வீடுகளைச் சொல்லாமல் விட முடியாது. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் உள்ள பழைய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், சித்திரை நடுப்பகலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வானம் பார்த்த முற்றம் சூட்டை மேலே விடுகிறது, தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அடுக்கடுக்கான நாட்டோடும் வெயிலை உள்ளே விடுவதில்லை, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. இன்று அதே ஊர்களில் அரசு உதவியுடன் கட்டப்படும் வீடுகள், தாழ்ந்த காங்கிரீட் தளத்தோடு, இரவு பதினோரு மணிக்கும் அனல் கக்குகின்றன. மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கவோ, குறைந்தது ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடிக்கவோ அந்த மதிப்பீட்டில் ஒரு சிறு தொகை சேர்த்தால், அந்த வீட்டு விசிறியின் வேலை குறையும். பழைய வீடுகளின் நாட்டோட்டுக் கூரை மேல் இரும்புச் சட்டம் ஏற்றித் தகடு பதிக்கச் சிலர் முயல்வதையும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடு உடைந்து மழைநீர் இறங்கினால் தேக்கு உத்தரம் பாழாகும். பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.

ஓர் ஊராட்சி தானே முன்வந்து செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு, மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை நல்ல விடை. அவ்வூராட்சி முதலில் மரக்கழிவு எரிவாயுக் கலனால் குடிநீர் ஏற்றிப் பார்த்தது. பிறகு 2006-இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கி, தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை விற்று வருவாய் ஈட்டியது. சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் நம் பகுதியில் அதுபோன்ற எரிவாயுக் கலன் வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். விறகு கிடைக்கும், ஐயமில்லை. அந்தக் கலனில் படியும் தார்ப் பிசுக்கை நாள்தோறும் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். தெருவிளக்குப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்படுத்தாத ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாண எரிவாயுவும் அப்படித்தான். இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாளுக்கு ஐம்பது கிலோ சாணம் வேண்டும், நான்கைந்து மாடுள்ள வீடுகள் எங்கள் ஊரில் இப்போது மூன்றுதான்.

அரசுக்கும் ஊராட்சிகளுக்கும் தங்கள் இதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். இனி எந்தச் சூரியத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் நாளிலேயே, ஐந்தாம் ஆண்டு பேட்டரிக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். ஊருக்கு இருவரை, மகளிர் குழுவிலிருந்து ஒருவரும் ஐ.டி.ஐ. முடித்த ஒருவருமாகத் தேர்ந்து, காரைக்குடியிலேயே பேட்டரிச் சோதனையும் பழுதுபார்த்தலும் கற்றுக்கொடுத்து, மாதம் ஒரு சிறு ஊதியம் கொடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வரவு செலவு வாசிக்கும்போதே எரியும் விளக்குகள் எத்தனை, எரியாதவை எத்தனை, குடிநீர் மோட்டார் எத்தனை யூனிட் இழுத்தது என்பதையும் வாசியுங்கள். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் இப்பகுதியில் பலர் இருக்கிறோம். ஊதியம் எதிர்பார்க்க மாட்டோம்.

எங்கள் ஊர் மக்கள் தலைக்கட்டு வரி போலப் பணம் திரட்டி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நான்கு வாங்கினோம். பள்ளிக்கூட வாசலிலும் கிழக்குத் தெருவிலும் சுடுகாட்டுப் பாதையிலும் அவை இப்போது எரிகின்றன. ஊரணிக்கரை விளக்குக்குத் தை மாத அறுவடைக்குப் பிறகு வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.