வட்ட டப்பாவைப் பாட வைச்ச எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மாசியில நான் பிரொக்கில, அதான் பழைய சாமான் கடையில, 20 பிராங்குக்கு வாங்கின அந்தக் கறுப்பு வட்ட டப்பா, உண்மையில ஒரு குட்டிக் கிராமபோன், நேற்று இரவு பாடிட்டுது. நான் திருத்தினனான் எண்டு சொன்னா அது பொய், ஆளாளுக்கு ஒரு கை குடுத்தவை, அதுதான் இந்த மடல்.

முதல்ல பிரொக்கில காசு வாங்கிற அன்ரி. மணிக்கூடு எண்டு துண்டு ஒட்டியிருந்தது, திறக்க உள்ளுக்க இருந்து ஒரு சின்னக் கைபிடியும் குழாய்த்துண்டும் விழுந்திச்சு, இது வேற என்னத்தின்ரயோ எண்டு நான் அங்கயே வைச்சிட்டு வெளிக்கிட, அவ பின்னால ஓடி வந்து பைக்குள்ள போட்டுவிட்டவ. அது ரெண்டும் இல்லாட்டி அண்டைக்கே கதை முடிஞ்சுது. வீட்டில மனுசி கேட்டது "சீஸ் டப்பாவுக்கு 20 பிராங்கோ" எண்டு.

அடுத்தது கீழ்வீட்டு ஹங்கேரி அக்கா. மூடியில ஆரோ அடிச்ச பெயின்ட்டை மெல்ல மெல்லச் சுரண்டினா "வடாஸ்" எண்டு வருது, எனக்கு உண்மையா வடைதான் ஞாபகம் வந்தது. அவதான் சிரிச்சுப்போட்டு, இது எங்கட ஆக்களின்ர பேர், வேட்டைக்காரன் எண்டு கருத்து எண்டு சொன்னவ. அந்த நுனியைப் பிடிச்சுப் போகத்தான் மிக்கிஃபோன் எண்டு பிடிபட்டது. வடாஸ் எண்ட ரெண்டு ஹங்கேரிச் சகோதரங்கள் யோசிச்சது, 1920களின்ர நடுவில செய்தது எங்கட சுவிஸ் வோ மாநிலத்துச் சென்-குறுவாவில பையார் கொம்பனி, போலெக்ஸ் கமராவும் ஹெர்மஸ் டைப்ரைட்டரும் செய்த அதே ஆக்கள். குறுக்களவு 11.5 சென்ரிமீற்றர் கிட்ட, கோட்டுப் பைக்குள்ள போடுற கிராமபோன். இருந்தும் 10 அங்குல இசைத்தட்டுப் போடலாம், தட்டு டப்பாவை விடப் பெரிசு, குடை மாதிரி வெளியில நீட்டிக்கொண்டு சுத்தும்.

பேர்ன் மணிக்கூட்டு ஐயாவிட்ட நன்றியோட மன்னிப்பும் கேக்கவேணும். அவரிட்டக் குடுக்க முதல் நான் தையல் மெசின் எண்ணெயை உள்ளுக்க ஊத்திப்போட்டன். திறந்து பாத்தவர் ஒண்டும் பேசேல்ல, ஒரு துணியை எடுத்துப் பக்கத்தில வைச்சவர், அதுவே எனக்குக் காணும். உள்ள ஸ்பிரிங்கில பழைய கிறீஸ் காய்ஞ்சு பிசினாகி, சுருள் ஒண்டோட ஒண்டு ஒட்டி, முறுக்கினா கொஞ்சம் ஓடிட்டு டொக் எண்டு ஒரேயடியா விடும். அதைப் பெட்டியால எடுக்கேக்க பாம்பு மாதிரிப் பாயும், கையில பட்டா வெட்டும், அதால என்னைத் தொட விடேல்ல. கழுவிப் புதுக் கிறீஸ் போட்டு, கவர்னருக்கு, அதான் வேகத்தைக் கட்டுப்படுத்திற பகுதிக்கு, உரசுற தோல் துண்டையும் மாத்தித் தந்தவர். வேகம் கூடக் கவர்னரின்ர குண்டுகள் விரியும், அந்தத் தோல் பிடிச்சு இழுக்கும், அவ்வளவுதான் கணக்கு.

சத்தம் வாற கறுப்புக் கிண்ணம் ரெண்டும் இல்லாமத்தான் வாங்கினது. அளவு எடுத்து அனுப்பின ஜெனீவா அண்ணைக்கும், திறீ டி பிரிண்டரில அடிச்ச மருமோனுக்கும் நன்றி. முதல் அடிச்சது மெல்லிசு, தேனீக் கூடு மாதிரி இரைஞ்சுது, ரெண்டாவதைத் தடிப்பா அடிச்சு உள்பக்கம் மட்டத்தாளால உரசினாப் பிறகுதான் சரி வந்தது. ஊசி பூட்டிற சவுண்ட் பொக்ஸின்ர ரப்பரும் கல்லாகிப் போயிருந்தது, அதுக்கு மகளின்ர மீன் தொட்டிக் காத்துக் குழாயில ஒரு துண்டு வெட்டினனான். அவவுக்கு இன்னும் தெரியாது.

வேகம் பாக்கிறதுதான் ஒரு பகிடி. 77 கோடு போட்ட கடதாசித் தட்டை 50 ஹேர்ட்ஸ் கரண்டில மினுங்கிற லைட்டுக்குக் கீழ சுத்தவிட்டா, சரியான வேகமான நிமிசத்துக்கு 78 சுத்து வரேக்க கோடெல்லாம் நிண்டமாதிரித் தெரியும். எனக்கு ஒரு நாள் முழுக்கத் தெரியேல்ல. வீட்டில எல்லாம் எல்ஈடி பல்ப், எங்கட பல்ப் மினுங்காது எண்டு பேந்துதான் விளங்கிச்சு. பக்கத்து வீட்டுக்காரர் நிலவறையில பழைய ரியூப் லைட்டைப் போட்டுத் தந்தவர், அவருக்கும் நன்றி.

கடைசியா லவுசான் அங்கிள். ஊரில இருந்து சாரத்துக்குள்ள சுத்திக் கொண்டு வந்த நாதஸ்வரத் தட்டை நம்பித் தந்தவர். அரக்குத் தட்டு, விழுந்தாப் பீங்கான் மாதிரி உடையும். அங்கிள், தட்டு இன்னும் ஒரு கிழமை என்னட்ட இருக்கட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசிதான் போடுறன், சத்தியமா.