வாங்கரேயில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புயல் காலம் தொடங்கியதும் அவர்கள் நியூசிலாந்தின் வாங்கரே நகருக்கு வந்து ‘ஆறு மாதம் ஓய்வெடுக்கிறார்கள்’ என்று அதில் ஒரு வரி. அதே ஊரில் படகுச் சாமான் கடையொன்றில் கணக்கெழுதுகிறவள் நான். சிரிப்பு வந்துவிட்டது.

ஃபிஜி, டோங்கா, வனுவாட்டு என்ற பசிபிக் தீவுகள் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் முடியப் புயல் காலம். அந்த மாதங்களில் அங்கேயே நின்று படகு சேதமானால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்துவிடும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் ஃபிஜியில் 44 பேரைக் கொன்றது. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காப்பீட்டுக்காரர் எச்சரிக்க வேண்டியதே இல்லை. அக்டோபர், நவம்பரில் ஆயிரம் கடல்மைலுக்கு மேல் தெற்கே ஓட்டி வருகிறார்கள். ஓபுவா அல்லது மார்ஸ்டன் கோவ் துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடித்து, ஹாட்டியா ஆற்றில் ஏறி, ஊர் நடுவே இருக்கும் டவுன் பேசின் படகுத்துறைக்கு வந்து சேர்வார்கள். வழியில், இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தூண்டில் முள் வடிவத்தில் 2013இல் கட்டி முடித்த தே மட்டாவ் ஆ போஹே பாலம். பாய்மரம் வந்தால் பாலம் மேலே தூக்கும், கார்கள் நிற்கும். வேலைக்கு நேரமாகிறதே என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். என் சம்பளமே அந்தப் பாய்மரத்தில்தான் வருகிறது என்பது வேறு விஷயம்.

வந்ததும் என்ன ஓய்வு? படகைக் கிரேனில் தூக்கி, தரையில் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியதுதான். பழைய பெயின்ட் தூள் தலைமுடியெல்லாம் நீலமாக அப்பியிருக்கும், அந்தக் கோலத்திலேயே கடைக்கு வருவார்கள். உள்ளங்கையில் துருப்பிடித்த போல்ட் ஒன்று, ‘இதே மரை வேண்டும்’. இருக்காது. லேத்காரரிடம் அனுப்புவோம். பாய் தைப்பவர், வெல்டர், ரிக்கிங் (பாய்மரக் கம்பி, கயிறுகள்) பார்ப்பவர் என்று எல்லோரிடமும் ஜனவரிக்கே வரிசை. இவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்கிறது உங்கள் கட்டுரை. சிலர் உண்டு. வீட்டை விற்றுப் படகு வாங்கி, ஓய்வூதியத்தில் ஓட்டுகிறவர்களே நான் பார்த்ததில் அதிகம். ஒரு டின் பெயின்டுக்கு எத்தனை கடை ஏறி இறங்குகிறார்கள் என்று வந்து பாருங்கள். வெளிநாட்டுப் படகு என்று சுங்கத்தாள் காட்டினால் பழுதுபார்ப்புக்கு 15 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. அந்தத் தாளை பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார்கள்.

‘விருந்தோம்பலுக்குப் பேர்போன ஊர்’ என்று புகழ்ந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் கரையில் முதலில் எதிர்கொள்பவர் மாலையோடு வருவதில்லை, உயிரிப் பாதுகாப்பு அதிகாரியாக வருகிறார். தேன், இறைச்சி, காய்கனி எது மிஞ்சியிருந்தாலும் போயிற்று. 2018 மே முதல் படகின் அடிப்பாகமும் சுத்தமாக இருந்தாக வேண்டும். நீண்ட நாள் தங்க வருகிற படகில் மெல்லிய வழுவழுப்பும், வாத்துக் கொட்டலசு (goose barnacle) என்ற ஓடுள்ள ஒட்டுயிரியும் தவிர வேறெதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்பது போலத்தான். படகடியில் ஒட்டிவரும் மத்தியதரைக்கடல் விசிறிப்புழு வாங்கரே துறைமுகத்தில் ஏற்கெனவே வேர்விட்டுவிட்டது. அது சிப்பிப் பண்ணைகளில் பரவினால் நஷ்டம் உள்ளூர்க்காரனுக்குத்தானே? அதிகாரிகளின் கெடுபிடி என்று கட்டுரையாளர் சலித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சோதனை இருப்பதால்தான் படகுகளை ஊர் தைரியமாக வரவேற்கிறது.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் எல்லையை மூடியபோது படகுகளின் அருமை ஊருக்குப் புரிந்தது. பிரெஞ்சு பொலினீசியாவிலும் ஃபிஜியிலும் படகுகள் மாட்டிக்கொண்டன. ஃபிஜி அவற்றுக்கென்றே தனி அனுமதித் திட்டம் வைத்து உள்ளே விட்டது. இங்கே அடுத்து வந்த கோடையில் (எங்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) வெளிநாட்டுப் படகு வரத்து அநேகமாக நின்றேபோனது.

‘புயலே எட்டாத ஊர்’ என்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் இந்த வட்டாரத்தையும் உலுக்கியது. புயல் மட்டுமா? 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்ததில், இங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள டுட்டுகாக்கா படகுத்துறைக்குள் அலை புகுந்து படகுகள் மூழ்கின. ஆற்றின் மேலே இருப்பதால் டவுன் பேசினுக்கு ஓரளவு பாதுகாப்பு, அவ்வளவே. புயல் காலம் முடிந்து கிளம்புவதும் லேசல்ல. 1994 ஜூனில் நியூசிலாந்திலிருந்து டோங்கா நோக்கிப் போன படகுகள் நடுக்கடலில் புயலில் சிக்கி, 21 பேரை மீட்டார்கள்; ஒரு படகில் மூவர் போயே போனார்கள். மே மாதத்தில் கடைக்கு வருகிறவர்கள் வானிலை வரைபடத்தைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நிருபரை அனுப்புவதானால் அப்போது அனுப்புங்கள்.

இன்னொரு குறை. தமிழ்ப் பத்திரிகையில் வாங்கரே பற்றி நான்கு பக்கம், அதில் தமிழ் மணி பற்றி ஒரு சொல்கூட இல்லை! 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் இந்த வட்டாரத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவனித்தார். அது உடைந்த வெண்கலக் கப்பல் மணி, முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் எழுத்து வார்த்திருந்தது. எப்படி இங்கே வந்தது என்பது இன்றும் தீராத புதிர். மணி இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வசம். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வாங்கரே, நியூசிலாந்து